ஆலயத்தை இரவல் தரலாமா?

கேட்டவர்க்கு இல்லையென்னாமல் கொடுத்து உதவுவது நம் ஊர்களின் பழைய பண்பு. ஏணியும் உரலும் முதல், திருமணப் பந்திக்கு வேண்டிய அண்டாவும் பாயும் வரை வீடு விட்டு வீடு போகும். வேலை முடிந்ததும் திரும்பி வரும். கழுத்து நகையைக் கல்யாண வீட்டுக்கு இரவல் தருகின்ற தாய்மார் இன்றும் உண்டு. ஆயினும் அதே தாய் தன் தாலியைக் கழற்றித் தரமாட்டாள். அதை அவளிடம் யாரும் கேட்பதும் இல்லை. தரத்தக்கது எது, தரத்தகாதது எது என்னும் தெளிவு அவளிடம் இருக்கின்றது. அத்தெளிவு இருப்பதால்தான் மற்றவற்றை அவளால் தாராளமாகத் தர முடிகின்றது.

இறைவனின் இல்லம் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது? நம்மோடு முழு ஒன்றிப்பில் இல்லாத கிறிஸ்தவ சபை ஒன்று, தன் ஆலயம் பழுதுற்றதாலோ இடம் போதாமையாலோ நம்மிடம் வந்து, ஒரு திருமணத்துக்கோ ஒரு ஞாயிறு வழிபாட்டுக்கோ நம் ஆலயத்தைக் கேட்டால் நாம் சொல்லும் மறுமொழி என்ன? "எல்லாருக்கும் ஆண்டவர் ஒருவர்தாமே, தாராளமாக வாருங்கள்" என்பது ஒரு மறுமொழி. "அர்ச்சிக்கப்பட்ட இடத்தில் வேறு சபையின் சடங்கா? கூடவே கூடாது" என்பது மற்றொன்று. இரண்டும் எண்ணிப் பாராமலே சொல்லிவிடத்தக்க எளிய மறுமொழிகள். முன்னதால் உண்மைக்கு ஊறு நேரக்கூடும். பின்னதால் அன்புக்கு ஊறு நேரக்கூடும். உண்மையும் அன்பும் ஒன்றையொன்று கைவிடாமல் நிற்கும் இடம் எது என்று தேடிப் பார்ப்போம்.

வர்ஜீனியாவில் எழுந்த வினா

இவ்வினா வெறும் கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்னும் ஊரில் புனித பீட் பெயரால் ஒரு கத்தோலிக்க ஆலயம் உள்ளது. எப்பிஸ்கோப்பல் சபை எனப்படும் அமெரிக்க ஆங்கிலிக்கன் சபையின் தென் வர்ஜீனியா மறைமாவட்டம் 2019-ஆம் ஆண்டில் சூசன் ஹேன்ஸ் என்னும் பெண்மணியைத் தன் ஆயராகத் தேர்ந்தெடுத்தது. அவரது திருநிலைப்பாட்டை 2020 பிப்ரவரி முதல் நாளன்று பெருங்கூட்டம் கூடத்தக்க ஓர் ஆலயத்தில் நடத்த விரும்பிய அச்சபையார், புனித பீட் ஆலயத்தைக் கேட்டனர். ரிச்மண்ட் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க ஆயரும் இசைவு அளித்தார்.

செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு விண்ணப்பம் அனுப்பினர். அவர்கள் சொன்ன காரணத்தை இலேசாகத் தள்ளிவிட இயலாது. ஆங்கிலிக்கன் சபையின் குருத்துவத் திருநிலைப்பாடு செல்லாது என்று 1896-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அறிவித்தார். பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று 1994-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறுதியிட்டு உரைத்தார். இவ்விரு போதனைகளுக்கும் மாறான ஒரு சடங்கு நம் பீடத்தின் முன்னேயே நடைபெறலாமா என்பதே அவர்தம் வினா. ஆயரோ, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனையையும் ஒன்றிப்புக்கான திருச்சபையின் நெறிகளையும் எடுத்துக்காட்டி, இது விருந்தோம்பல் என்று விளக்கினார். இறுதியில், விருந்தினரே அவ்வில்லத்தாரின் மனநிலையை மதித்து, 2020 ஜனவரியில் ஒதுங்கிக்கொண்டனர். சடங்கு வேறோர் இடத்தில் நடந்தேறியது.

இதே வர்ஜீனியாவில் இவ்விரு மறைமாவட்டங்களும் ஒருவருக்கொருவர் அந்நியர் அல்லர் என்பதையும் நாம் மறக்கலாகாது. வர்ஜீனியா பீச் நகரில் கத்தோலிக்கரும் எப்பிஸ்கோப்பல் சபையாரும் ஒரே சமூகமாகக் கூடும் 'தூய திருத்தூதர்கள்' ஆலயம் 1977 முதல் இயங்கி வந்துள்ளது. நெடுங்கால அண்டை உறவின் நடுவே எழுந்த மனத்தாங்கல் இது. ஆகையால்தான் இது இருதரப்பாருக்கும் வலித்தது.

ஆலயம் வெறும் மண்டபம் அன்று

முதலில், கட்டடத்தைப் பற்றிய நம் விசுவாசத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆலய நேர்ந்தளிப்பின்போது ஆயர் பீடத்தின்மீது கிறிஸ்மா எண்ணெயை ஊற்றிப் பூசுகின்றார், சுவர்களிலும் குறிக்கப்பட்ட இடங்களில் பூசுகின்றார், தூபமிட்டு, விளக்கேற்றுகின்றார். திருமுழுக்குப் பெற்றவனையும் உறுதிபூசுதல் பெற்றவனையும் நாம் எவ்வாறு எண்ணெய் பூசுகின்றோமோ, அவ்வாறே கல்லையும் பூசுகின்றோம். கட்டடம் அங்கே கூடும் மக்களின் அடையாளமாகின்றது என்பதே இதன் பொருள். எனவே ஆலயத்தைக் கூட்ட அரங்காகக் கருதி, வாடகை பேசி விடுவது நம் விசுவாசத்துக்கு ஒவ்வாது. தூய இடத்தில் வழிபாட்டையும் பக்தியையும் வளர்ப்பவற்றுக்கு மட்டுமே இடமுண்டு என்றும், அவ்விடத்தின் தூய்மைக்கு மாறாகாத பிற பயன்பாட்டுக்கு ஆயர் தனி இசைவு தரலாம் என்றும் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1210-ஆம் சட்டம் கூறுகின்றது.

ஆனால் அதே ஆலயம் மதில் சூழ்ந்த கோட்டையும் அன்று. எருசலேம் ஆலயத்தை நேர்ந்தளித்த நாளில் சாலமோன் செய்த நீண்ட மன்றாட்டை முதல் அரசர் நூலின் எட்டாம் அதிகாரத்தில் காண்கின்றோம். அதில் அவர் தம் மக்களுக்காக மட்டும் வேண்டவில்லை. தொலைநாட்டிலிருந்து வரும் அந்நியன் இவ்வில்லத்தை நோக்கி மன்றாடினால் அவன் குரலுக்கும் செவிசாய்க்கும்படி வேண்டுகின்றார். ஆலயம் பிறந்த நாளிலேயே வேற்றாருக்கென அதில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். அந்நியனின் மன்றாட்டுக்காக வேண்டிய சாலமோன், அவன் தன் நாட்டுப் பலியை அங்கே செலுத்தட்டும் என்று வேண்டவில்லை. ஆனால் நம்மிடம் வந்து கேட்பவர் அந்நியரும் அல்லர். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் நாம் பெற்ற அதே திருமுழுக்கைப் பெற்றவர். அவர் நம் சபைக்கு வந்தால் அவருக்கு நாம் மீண்டும் திருமுழுக்குக் கொடுப்பதில்லை. அந்நியருக்கும் மேலானவர், அதே வேளையில், நம் பந்தியில் நம்மோடு இன்னும் அமராதவர். இந்த இடைப்பட்ட நிலைதான் நம் வினாவை இவ்வளவு கடினமாக்குகின்றது.

திருச்சபை காட்டும் நெறி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பு, பொது வழிபாட்டைக் குறித்து இரு கோட்பாடுகளை அருகருகே வைக்கின்றது. திருச்சபையின் ஒருமைக்கு வழிபாடு சான்று பகர வேண்டும் என்பது ஒன்று. அருளின் வழிகளில் பங்குபெறச் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. முதற் கோட்பாடு பெரும்பாலும் பொது வழிபாட்டைத் தடுக்கின்றது. இரண்டாவது சில வேளைகளில் அதைப் பரிந்துரைக்கின்றது. இரண்டையும் சீர்தூக்கும் பொறுப்பு அந்தந்த ஆயருக்கு உரியது.

1993-இல் திருப்பீடம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான வழிகாட்டி நூல் நம் வினாவுக்கு நேராகவே விடை தருகின்றது. அதன் 137-ஆம் எண், கத்தோலிக்க ஆலயங்கள் பொதுவாகக் கத்தோலிக்க வழிபாட்டுக்கே உரியவை என்று முதலில் நிலைநாட்டுகின்றது. அதன் பின்னரே, பிற சபையாருக்குத் தங்கள் வழிபாட்டைத் தகுதியுற நடத்த இடமோ வழிபாட்டுப் பொருள்களோ இல்லாதபோது, மறைமாவட்ட ஆயர் ஆலயத்தையும் தேவையான பொருள்களையும் அவர்களுக்குத் தந்து உதவலாம் என்கின்றது. கல்லறைத் தோட்டத்துக்கும் இவ்வாறே வழி காட்டுகின்றது. நெடுங்காலம் பகிர்ந்து பயன்படுத்தும் ஆலயமானால், நற்கருணைப் பேழைக்குத் தனி அறையோ சிற்றாலயமோ அமைப்பதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்றும், பணம், சட்டம் பற்றிய எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்பந்தமாக்க வேண்டும் என்றும் அடுத்த எண்கள் அறிவுறுத்துகின்றன.

இந்நெறியின் அச்சாணி 'தேவை' என்னும் ஒரு சொல். நட்பைப் பறைசாற்றுவதற்காகவோ செய்தித்தாளில் படம் வருவதற்காகவோ ஆலயம் தரப்படுவதில்லை; இல்லாதவர்க்கு இருப்பவர் உதவுவதற்காகவே தரப்படுகின்றது. அடுத்த அச்சாணி ஆயரின் இசைவு. அது வெறும் அலுவலக ஒழுங்கு அன்று என்பதை உரோமையில் நடந்த நிகழ்வுகள் காட்டுகின்றன.

2023 ஏப்ரல் 18-ஆம் நாள், திருத்தந்தையின் பேராலயமாகிய புனித யோவான் இலாத்தரன் பேராலயத்தின் தலைமைப் பீடத்தில் ஆங்கிலிக்கன் குருக்கள் குழுவொன்று தன் வழிபாட்டை நடத்திவிட்டது. முறையான இசைவு இல்லை. தகவல் தொடர்பில் நேர்ந்த தவறு என்று பேராலயத்தார் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தனர். ஒரு மாதத்துக்குள், மே 14-ஆம் நாள், அதே பேராலயத்தில் காப்டிக் மரபுவழித் திருச்சபையின் தலைவர் இரண்டாம் தவாத்ரோஸ் தம் மரபின்படி திருப்பலி நிறைவேற்றினார். அது இசைவோடு நடந்தது. காப்டிக் சபையின் திருவருட்சாதனங்களை நாம் செல்லத்தக்கவையாக ஏற்கின்றோம், ஆகவே அது வேறு என்று யாரேனும் சொல்லலாம். சொல்வது சரியே. ஆனால் 2024 ஜனவரியில், அன்றைய காண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி, உரோமையின் திபேர் நதித் தீவிலுள்ள புனித பர்த்தலமேயு ஆலயத்தில் ஆங்கிலிக்கன் வழிபாட்டை இசைவுடனே நடத்தினார். கேட்டுப் பெற்றது விருந்தாயிற்று. கேளாமல் நடந்தது வருத்தமாயிற்று.

இரவல் தருவது பொய்ச் சான்று ஆகுமா?

எதிர்ப்பவர்களின் வலுவான வாதத்துக்கு இப்போது வருவோம். நாம் ஏற்காத ஒரு சடங்குக்கு நம் பீடத்தைத் தருவது, அதை நாம் ஏற்பதாக உலகுக்குச் சொல்வது ஆகாதா? எளிய விசுவாசிகளுக்கு அது இடறல் ஆகாதா?

செயல்களும் பேசுகின்றன என்பது உண்மை. ஆனால் எல்லாச் செயல்களும் ஒன்றையே பேசுவதில்லை. ஒரே பீடத்தில் இரு சபைக் குருக்களும் கூடி நின்று திருப்பலி நிறைவேற்றினால், அச்செயல் "நாங்கள் ஒன்றாகிவிட்டோம்" என்று பேசும். அது இன்னும் உண்மையாகவில்லை. ஆகவே 908-ஆம் சட்டம் அதைத் தடுக்கின்றது. நற்கருணைப் பகிர்வுக்கும் 844-ஆம் சட்டம் குறுகிய எல்லைகளை வகுத்துள்ளது. ஆனால் வீடிழந்த அண்டை வீட்டாருக்குக் கூடத்தைத் திறந்துவிட்டு, அவர்கள் தங்கள் முறைப்படி சமைத்துண்ண இடம் தருபவர், "நாம் ஒரே குடும்பம்" என்று பொய்யுரைப்பதில்லை. "உங்கள் துன்பம் எங்களுக்கு அந்நியமன்று" என்ற உண்மையையே உரைக்கின்றார். தாலிக்கும் நகைக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகின்றது. நற்கருணை ஒன்றிப்பு தாலி போன்றது. அதை இரவல் தர நமக்கு உரிமை இல்லை. கூரையும் இருக்கையும் விளக்கும் நகை போன்றவை. தேவையுற்ற சகோதரருக்குத் தந்தால் குறைந்துபோவதில்லை.

பீடமோ இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கின்றது. ஆகவேதான் தேவையை நிறுத்துப் பார்க்க வேண்டியுள்ளது. வெள்ளத்தில் ஆலயம் இழந்த சபை ஞாயிறு வழிபாட்டுக்கு வந்து நிற்கும்போது நாம் தயங்கினால், அத்தயக்கம் பாவத்துக்கு அருகில் நிற்கும். ஆனால் ஓர் ஆயரின் திருநிலைப்பாடு, எந்தப் பொருளில் நாம் பிரிந்து நிற்கின்றோமோ அதையே நடுவில் நிறுத்தும் சடங்கு. அங்கே தேவை இருப்பிடத்தின் அளவைப் பற்றியது மட்டுமானால், வேறு பெரிய அரங்கம் கிடைக்குமா என்று முதலில் பார்ப்பதே முன்மதி என்பது நம் கருத்து. வர்ஜீனியா ஆயர் தம் உரிமையை மீறினார் என்று நாம் சொல்லவில்லை; இசைவு தரும் அதிகாரம் அவருடையதே. தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்கு மரியாதையுடன் தெரிவிக்கும் உரிமையும் இறைமக்களுக்கு 212-ஆம் சட்டத்தால் உண்டு. எனினும், சட்டம் அனுமதிப்பது வேறு. அந்த இடத்துக்கும் அந்த நாளுக்கும் தக்கது வேறு.

சுவர்கள் சொல்லும் பாடம்

செருமனி நாட்டின் பவுட்சன் நகரில் புனித பேதுரு பேராலயம் உள்ளது. 1524 முதல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் அந்த ஒரே கூரையின்கீழ் வழிபட்டு வருகின்றனர். பீடப் பகுதி கத்தோலிக்கருக்கு; மக்கள் கூடும் நடுப்பகுதி லூத்தரன் சபையாருக்கு. இடையே ஒரு தடுப்பு. மதத்தின் பெயரால் ஐரோப்பா குருதியில் நனைந்த நூற்றாண்டுகளிலும் அந்தக் கூரை இருவரையும் காத்தது. முற்காலத்தில் மிக உயர்ந்து நின்ற அத்தடுப்பு பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டுவிட்டது. ஆனால் இன்னும் முற்றிலும் நீக்கப்படவில்லை. பிரிவை அத்தடுப்பு மறைக்கவில்லை. பகையையும் அது வளர்க்கவில்லை. அது ஒரு நேர்மையான தடுப்பு.

ஒரே கூரை தானாகவே அன்பைத் தந்துவிடும் என்றும் எண்ணிவிடக்கூடாது. எருசலேமின் தூய கல்லறைக் கோவிலை ஆறு கிறிஸ்தவ மரபினர் பகிர்ந்துகொள்கின்றனர். அதன் திறவுகோல் நூற்றாண்டுகளாக இசுலாமியக் குடும்பத்தாரிடம் உள்ளது. 2008 நவம்பரில் அக்கோவிலுக்குள்ளேயே இரு சபைத் துறவியர் கைகலந்ததை உலகமே கண்டது. அதே இடத்தில், கிரேக்க மரபுவழியினரும் பிரான்சிஸ்கன் சபையாரும் அர்மேனியரும் ஒன்றுகூடி, கல்லறையின் மேலுள்ள சிற்றாலயத்தைச் செப்பனிட்டு 2017-இல் நிறைவேற்றினர். பகிர்ந்த கூரை பகைக்கும் இடமாகலாம், பணிக்கும் இடமாகலாம்.

சுவரைப் பற்றிப் பேசும்போது நம் மண்ணிலும் ஒரு சுவர் நினைவுக்கு வருகின்றது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில், ஒரே விசுவாசத்தைச் சேர்ந்த மக்களைச் சாதியின் பெயரால் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. பவுட்சன் தடுப்பு விசுவாச வேறுபாட்டின் அடையாளம். வடக்கன்குளத்துச் சுவரோ தீட்டு என்னும் எண்ணத்தின் அடையாளம். பிற சபையார் நம் ஆலயத்தைக் கேட்கும்போது நம் உள்ளத்தில் எழும் தயக்கம் இவ்விரண்டில் எதைச் சார்ந்தது? 'அவர்கள் நுழைந்தால் கோவில் கெட்டுவிடும்' என்னும் எண்ணம் விசுவாசத்தில் பிறப்பதன்று. கிறிஸ்மா எண்ணெய் பூசப்பட்ட கல், திருமுழுக்குப் பெற்றவர் ஒருவரின் செபத்தால் தீட்டுப்படுவதில்லை. மறுக்க வேண்டிய நேரமும் வரலாம். மறுத்தாலும் உண்மையின் பொருட்டே மறுக்க வேண்டும். தீட்டின் பொருட்டு அன்று.

நம் பங்குகளில்

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் பலர் பிற சபையாரோடு ஏற்கெனவே மிக நெருங்கி வாழ்கின்றனர். அண்ணன் கத்தோலிக்கர், அண்ணியின் பிறந்தகம் தென்னிந்தியத் திருச்சபை என்று அமைந்த குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். கத்தோலிக்கரும் பிற சபை அறிஞரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. அதையே இன்று நம் பீடங்களில் வாசிக்கின்றோம். சொல்லைப் பகிர்ந்துகொண்ட நாம் கூரையைப் பற்றிச் சிந்திக்க அஞ்ச வேண்டியதில்லை.

வாங்கியதையும் மறத்தல் ஆகாது. கத்தோலிக்கர் சிதறி வாழும் வட ஐரோப்பிய நாடுகளில், சொந்த ஆலயம் இல்லாத பல இடங்களில் லூத்தரன் ஆலயங்களில்தான் குடியேறிய நம்மவருக்குத் திருப்பலி நடைபெறுகின்றது. தக்க காரணத்துக்காக, ஆயரின் இசைவோடு, இடறலின்றி, பிற சபையின் ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றக் குருவுக்கு 933-ஆம் சட்டம் வழிவிடுகின்றது. இரவல் பெறும்போது இனித்தது, தரும்போது மட்டும் கசக்கலாமா?

அதே வேளையில், பிடியரிசி சேர்த்தும் கூலியில் ஒரு பங்கு ஒதுக்கியும் அந்த ஆலயத்தை எழுப்பிய நம் மக்களின் உணர்வை மதவெறி என்று இகழ்வதும் அநீதி. கதவு திறந்த பிறகு அவர்களுக்குச் செய்தி எட்டினால், அவர்கள் விருந்தோம்புபவர் ஆவதில்லை. தம் சொந்த வீட்டிலேயே வேற்றாராகிவிடுகின்றனர். எனவே பங்குப் பேரவையிலும் அன்பியங்களிலும் முன்கூட்டியே விளக்க வேண்டும். யார் வருகின்றனர், ஏன் வருகின்றனர், எதில் நாம் ஒன்றாய் இருக்கின்றோம், எதில் இன்னும் இல்லை என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். நற்கருணைப் பேழையிலுள்ள தூய நற்கருணையை வணக்கத்தோடு வேறிடத்துக்கு மாற்றும்போது, அது எதற்காக என்று சிறுவர்க்கும் விளங்கச் செய்ய வேண்டும். விருந்தினரிடமும் அவ்வாறே வெளிப்படையாகப் பேசுவோம். எல்லையைச் சொல்லாமல் அழைத்து, வந்தபின் முகம் சுளிப்பது விருந்தோம்பல் ஆகாது.

இவற்றையெல்லாம் செய்த பின்னும் ஒரு வலி எஞ்சி நிற்கும். நம் ஆலயத்தில், நம் இருக்கைகளில் அமர்ந்து, நம் சகோதரர் தம் அப்பத்தைப் பிட்டுண்பர். நாம் அதில் பங்குபெறமாட்டோம். அடுத்த மணியில் நாம் திருப்பலி நிறைவேற்றுவோம். அவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். அவ்வலியை மழுப்பி மறைக்க வேண்டாம். அதுவே நம்மைச் செபிக்கத் தூண்டும். காணிக்கையோடு பீடத்தருகே வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு உறவாடச் செல்லும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். அந்தச் சகோதரனே இன்று நம் பீடத்தருகே வந்து நிற்கின்றான். அவனுக்கு முதலில் கதவைத் திறப்போம். ஒரே பந்தியில் அமரும் நாளை நமக்கும் அவனுக்கும் ஆண்டவர் தம் காலத்தில் அருள்வாராக.